ஆகஸ்டில் என்ன உடுத்துவாய்

மறைத்து வைத்துக்கொள்ளத் துப்பாக்கி வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் துப்பாக்கியைக் காட்டுவதில்லை. ஆகஸ்டில் என்ன உடுத்துவீர்கள் என்று கேட்பேன். ஓக்லஹோமா குளிரில் கோட்டுக்குள் பீரங்கியைக்கூட மறைத்துவிடலாம். ஆகஸ்டில் வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது இடுப்பில் இருப்பதன் உருவம் துணிக்கு மேல் தெரியும். இந்தத் தொழிலில் அதை அச்சு விழுவது என்போம். அச்சு விழுந்தால் மறைத்து என்ன பயன். ஆகவே முதலில் துணி, பிறகு உறை, கடைசியில்தான் துப்பாக்கி. ஹாலிஸின் கடையில் பதினான்கு வருடங்களாக இப்படித்தான் விற்கிறேன்.

வெல்டா ப்ரூயிட் ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். செவ்வாய் அவளுடைய பார்லருக்கு விடுமுறை. பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். பழைய தபால் நிலையத்தை வாடகைக்கு எடுத்து மூன்று நாற்காலி போட்டு, எங்கள் ஊரான சாலிஸ் க்ரீக்கின் பாதிப் பெண்களுக்கு முடி வெட்டுகிறாள். கத்திரிக்கோலை இடது கையில் பிடிப்பாள். பள்ளியில் அவள் வலது கைக்காரி.

"டாயில் திரும்பி வந்துட்டான்" என்றாள்.

தெரியும் என்றேன். எல்லோருக்கும் தெரியும். அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்துக்குப் பிறகு டெக்சஸில் எரிவாயுக் குழாய் வேலைக்குப் போனவன், மார்ச்சில் திரும்பி, அத்தை மகன் வீட்டில் இருக்கிறான்.

"என்ன பண்றான்?"

"ஒண்ணும் பண்ணலை. காலைல கடை திறக்கும்போது லாரிய மெதுவா ஓட்டிக்கிட்டுப் போறான். சாயங்காலம் மூடும்போது இன்னொரு தடவை. கை காட்டறான். சிரிக்கிறான்."

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஆகஸ்ட்ல என்ன போடுவே, வெல்டா?"

அவள் கைப்பையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"முழுக்கைச் சட்டை. பத்தொன்பது வருஷம் ஆகஸ்ட்ல முழுக்கைதான் போட்டேன். சர்ச்சுல உனக்கு முன்னாடி வரிசைலதானே உக்காந்திருந்தேன். நீ பாக்கலையா, மெர்ல்?"

நான் குனிந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன்.

ஹாலிஸ் உள்ளேயிருந்து வந்தான். கடை அவனுடையது. பெண்கள் வந்தால் அவனே வந்துவிடுவான். உள்ளங்கை அளவு ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தான். ஐந்து தோட்டா. பிடி இளஞ்சிவப்பு நிறம்.

"பொம்பளைங்களுக்குன்னே வந்தது. இறகு மாதிரி கனம். கைப்பைல போட்டா இருக்கறதே தெரியாது."

"இதக் காட்டினா டாயில் சிரிச்சே செத்துடுவான்" என்றாள் வெல்டா. "அதுக்குத்தான்னா குடு, வாங்கிக்கிறேன்."

ஹாலிஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சுட்டுப் பார்க்க ஐந்து தடங்கள் உண்டு. அங்கே கூட்டிப் போனேன். இறகு போன்ற துப்பாக்கி சுடும்போது குதிரை போல உதைக்கும். கனம்தான் உதையைத் தாங்குவது, கனம் இல்லையென்றால் கைதான் தாங்க வேண்டும். விற்கும்போது ஹாலிஸ் இதைச் சொல்வதில்லை. அதன் விசையை இழுப்பதும் கடினம். வெல்டா மூன்று முறை சுட்டாள். மூன்றாவது முறை துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு வலது மணிக்கட்டைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அடுத்து தட்டையான சிறிய ஒன்று கொடுத்தேன். இந்த ஊரில் பத்தில் ஏழு பேர் இடுப்பில் இருப்பது அது. சட்டைக்குள் அச்சே விழாது. ஆனால் முதல் தோட்டா உள்ளே ஏற, மேலிருக்கும் இரும்பைப் பின்னால் இழுத்து விட வேண்டும். துப்பாக்கி சிறியதாக ஆக உள்ளிருக்கும் சுருள்வில் கெட்டியாகும். அவளால் இழுக்க முடியவில்லை. கையை மாற்றினாள். இடது கையில் பிடித்தால் இழுக்க வலது கை வேண்டும். வலது கையில் பிடித்தால் அந்த மணிக்கட்டு மடங்கியது.

"இந்தக் கைய அவன் உடைச்சான். அவனுக்காக வாங்கற துப்பாக்கிய இழுக்க இந்தக் கை வேணுங்கறே" என்றாள். "செஞ்சவனுங்க நல்லாத்தான் யோசிச்சிருக்கானுங்க."

மணிக்கட்டு உடைந்த வருடம் கார் நிறுத்தும் கொட்டகைப் படியில் சறுக்கி விழுந்ததாக அவள் சொன்னாள். என் மனைவி அவள் வீட்டுக்குக் கோழி வைத்துச் சுட்ட நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாத்திரத்தை நான்தான் காரில் பிடித்துக்கொண்டு போனேன். டாயில் கதவைத் திறந்து நன்றி சொன்னான். அந்தக் கொட்டகைக்குப் படியே கிடையாது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

"கோர்ட்ல ஒரு உத்தரவு வாங்கலாமே" என்றேன். "அவன் கிட்ட வரக் கூடாதுன்னு. அது இருந்தா அவனால எங்கயும் துப்பாக்கி வாங்க முடியாது."

"எழுதிக் குடுத்தா வியாழக்கிழமை பேப்பர்ல வரும்."

வரும்தான். எங்கள் மாவட்ட வாரப் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில் நீதிமன்றத்துக்கு வந்த எல்லாம் பெயரோடு அச்சாகும். திருமணம், விவாகரத்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, யார் யாருக்கு எதிராகப் பாதுகாப்பு கேட்டார்கள் என்பது. என் மனைவி முதலில் திருப்புவது அந்தப் பக்கம்.

"என் கடைலயே ட்ரையர் அடில உக்காந்து என் பேரை எனக்கே படிச்சுக் காட்டுவாங்க. யார்னு தெரியாத மாதிரி உச்சுக் கொட்டுவாங்க. வேணாம். பத்தொன்பது வருஷம் பேப்பர்ல வராம பாத்துக்கிட்டேன். இப்ப எதுக்கு?"

மூன்றாவதாக எடுத்தது கொஞ்சம் பெரியது. சுருள் மென்மையானது, தோட்டா சிறியது, உதை குறைவு. கடைக்கு வரும் ஆண்கள் அதைத் தொடமாட்டார்கள், கிழவர்கள் துப்பாக்கி என்பார்கள். வெல்டா இடது கையில் பிடித்து வலது கையின் நான்கு விரல்களால் இழுத்தாள். வந்தது. எட்டுத் தோட்டாக்களையும் சுட்டாள். ஆறு காகிதத்தில் விழுந்தன.

"இதுதான்" என்றாள்.

"பெருசா இருக்கு. அச்சு விழும்."

"மறைக்கறத எங்கிட்ட விட்டுடு" என்றாள் வெல்டா.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். அவளுக்கு இடுப்பு வார் கிடையாது. வேலைக்குப் போடுவது தொளதொளப்பான கால்சட்டையும் கறுப்பு மேலங்கியும். அதனால் உறை வைத்துத் தைத்த, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்று கொடுத்திருந்தேன். நின்றால் சரியாக இருந்தது. முடி வெட்டுகிறவள் நிற்பதோடு விடுவதில்லை. நாள் முழுக்க இரண்டு கையையும் தூக்கியபடி இருப்பாள். கை மேலே போனால் மேலங்கி இறுகும்.

"நடீன் ஓக்லி கண்டுபிடிச்சிட்டா" என்றாள்.

நடீன் சர்ச்சில் பியானோ வாசிப்பவள். ஒவ்வொரு வெள்ளியும் வெல்டாவிடம் தலை அலங்காரம் செய்துகொள்வாள்.

"கண்ணாடில பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் 'அது என்னடி கண்ணு இடுப்புல, துப்பாக்கியா'ங்கறா. சத்தமா. மூணு நாற்காலிலயும் ஆளு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. 'நல்ல காரியம் பண்ணினே'ங்கறா ஒருத்தி. 'என்ன சைஸ் தோட்டா'ங்கறா இன்னொருத்தி. நடீன் கைப்பையத் திறந்து அவளோடதக் காட்டறா."

"அதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

"கட்டிக்கிட்டு ரெண்டாவது நாள், மெர்ல். ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிட்டா." அவள் என் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். "பதினோரு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதே கண்ணாடில என்னையப் பாக்கறா. ஒரு தடவை இந்தக் கண்ணு முழுக்க மூடிக் கிடந்துச்சு. அன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? பக்கவாட்டுல இன்னும் கொஞ்சம் ஏத்தி வெட்டுன்னா."

தொழிலில் தெரிந்ததைச் சொன்னேன். ஒரே நிறத் துணியில்தான் அச்சு பளிச்சென்று தெரியும், பூப்போட்ட துணி கண்ணை அலையவிட்டு உருவத்தை விழுங்கிவிடும். மேலங்கியை ஒரு அளவு பெரிதாகத் தைத்துக்கொள். உறையை இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்து.

"பூப்போட்டதா" என்றாள். "சரி."

ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை டாயில் வந்தான்.

முகம் வெயில் பட்டுச் சிவந்து, ஆரோக்கியமாக இருந்தான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான். இறுக்கமான பிடி. என் அப்பா இறந்ததை டெக்சஸிலேயே கேள்விப்பட்டதாகவும் வர முடியவில்லை என்றும் சொன்னான். உண்மையாகவே வருத்தப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

"எல்லாரும் வெச்சிருக்கானுங்களே, அந்தத் தட்டையா ஒண்ணு, அதக் காட்டு" என்றான்.

படிவத்தை எடுத்து வைத்தேன். அரசாங்கப் படிவம். எல்லோரும் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி, வீட்டில் உள்ளவர்களை அடித்ததற்காகத் தண்டனை பெற்றதுண்டா என்பது. இன்னொன்று, யாரையும் நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு உண்டா என்பது. டாயில் நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து, கவனமாக ஒவ்வொன்றாகப் படித்தான். இல்லை. இல்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை.

கல்லாவில் நிற்கிறவன் யாருக்கும் விற்க மறுக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் மறுத்திருக்கிறேன். குடித்துவிட்டு வந்த ஒருவனை. கைகள் நடுங்கிய ஒரு பையனை. படிவத்தோடு உள்ளே போய் ஹாலிஸைப் பார்த்தேன்.

"என்ன?" என்றான் ஹாலிஸ்.

"இவன் வெல்டாவோட..."

"தெரியும். காகிதம் சுத்தமா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? ஊர்ல புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் நாம விசாரிச்சா, மீன் தூண்டில்தான் விக்கணும்."

வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்குத் தொலைபேசியில் டாயிலின் விவரங்களைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. டாயில் காத்திருந்தபடி சுவரில் இருந்த மான் தலையைப் பார்த்தான்.

"வெல்டா இங்க வந்தாளா, மெர்ல்?"

"வர்றவங்க பேரை நாங்க சொல்றதில்ல."

"நல்லது" என்றான். "அப்படித்தான் இருக்கணும்."

மூன்று நிமிடங்களில் அந்தப் பெண் கொடுக்கலாம் என்றாள். அவள் பார்த்த திரையில் டாயில் ப்ரூயிட் யாரையும் தொட்டதில்லை.

அப்போது என் வாய் மறுபடியும் தானாகக் கேட்டது.

"ஆகஸ்ட்ல என்ன போடுவே?"

"ஆகஸ்ட்லயா? டி-ஷர்ட்தான்." சிரித்தான். "எனக்கு மறைக்க என்ன இருக்கு?"

டி-ஷர்ட்டுக்கு ஏற்ற உறையைத் தேர்ந்தெடுத்தேன். வலது இடுப்பு, உள்பக்கம், கொஞ்சம் பின்னால். குனியச் சொன்னேன், நிமிரச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னேன். பிடியின் முனை லேசாகத் தெரிந்தது. உறையின் திருகை அரைச் சுற்று தளர்த்திச் சாய்வை மாற்றினேன். மறைந்துவிட்டது. வேலை சரியாக வந்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அது இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்லருக்கு நடந்து போனேன். அதற்குள் நான் போனதே இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். வெல்டா ஒரு கிழவியின் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தாள். பெரிய மஞ்சள் பூக்கள் போட்ட மேலங்கி. என் கண் பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. எதுவும் தெரியவில்லை. இருக்கும் இடம் தெரிந்த எனக்கே தெரியவில்லை.

என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கத்திரிக்கோல் கையிலேயே இருந்தது.

"வந்தானா?"

"வந்தான்."

"குடுத்தியா?"

"காகிதம் சுத்தமா இருந்துச்சு, வெல்டா."

"சுத்தமாத்தான் இருக்கும்" என்றாள். "நான்தானே தொடச்சுத் தொடச்சு வெச்சேன்."

சாலையில் ஒரு பால் வண்டி போனது.

"எது?"

"அந்தத் தட்டையானது."

"அவனுக்கென்ன, மணிக்கட்டு நல்லா இருக்கு. எங்க வெச்சிருக்கான்?"

"வலது இடுப்பு. உள்பக்கம்."

"தெரியுதா?"

"இல்ல."

"நீதான் சரிபண்ணிக் குடுத்தியா?"

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கத்திரிக்கோலை மேலங்கியில் துடைத்தாள்.

"நீ நல்ல வேலைக்காரன், மெர்ல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது ஆகஸ்ட். வெல்டா செவ்வாய்க்கிழமை காலைகளில் தகரக் கொட்டகைக்குச் சுட்டுப் பழக வருகிறாள். அரைக்கைச் சட்டை போட்டிருக்கிறாள். கைகளில் இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. டாயிலும் வருகிறான். செவ்வாய் வருகிறேன் என்றான். செவ்வாய் தடம் காலியில்லை என்று சொல்லி வியாழனுக்கு மாற்றினேன். இருவரும் எதிரெதிரே வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். நான் செய்வது அவ்வளவுதான்.

சுட்ட காகிதங்களை இருவரும் விட்டுவிட்டுப் போகிறார்கள். நான்தான் கழற்றி ஒரே பீப்பாயில் போடுகிறேன். போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வெல்டாவின் ஓட்டைகள் காகிதம் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஆறாவது தோட்டாவுக்குப் பிறகு அந்தக் கை ஓய்ந்துவிடுகிறது. அவனுடையவற்றை என் உள்ளங்கையால் மூடிவிடலாம்.