நான்கு விரற்கடை

அந்த வருடம் பெரியப்பாவின் உடம்பில் வளர்ந்துகொண்டிருந்தவை காதுகளும் புருவமயிரும் மட்டும்தான். மற்றதெல்லாம், தோள், தாடை, புஜத்துச் சதை, மெல்ல மெல்ல மண்ணைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. எனக்கு எட்டு வயது. ஜவ்வாது மலையும் பெரியப்பாவும் அளவு மாறாதவை என்று நம்பியிருந்தேன்.

அறுவடை முடிந்ததும் அவர் விதைச் சாமையைச் சுரைக்குடுவையில் அடைத்து, எலிக்கு எட்டாமல், உத்தரத்துக் கயிற்றின் கொக்கியில் மாட்டிவைப்பார். ஆனியில் அதை இறக்குகிறவர்தான் முதல் பிடி விதைக்க வேண்டும். இறக்கும்போது பாதம் தரையில் இருக்கவேண்டும். உரல்மேல் ஏறினால் அந்த உரிமை அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் வீட்டு வழக்கம் அது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கை பெரியப்பாவுடையது.

மழை பெய்து ஓய்ந்த காலை. பெரியப்பா கையைத் தூக்கினார். தோள் பாதியில் நின்றது. குதிகாலை உயர்த்தினார், முழங்கால் சொடுக்கியது. விரல்நுனிக்கும் குடுவைக்கும் நடுவே நான்கு விரற்கடை வெறும் காற்று. அவருடைய தம்பியான என் அப்பா கையை நீட்டியிருந்தால் போதும். அப்பாவோ கூரையில் ஒட்டடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது? கயித்த யாரு சுத்தி வுட்டது? ஊஞ்சலாடுனியா?"

"சத்தியமா நான் இல்ல பெரியப்பா!"

பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஐயே, கொழந்தய ஏன் வையறீங்க? எலி தாவுதேன்னு நான்தாங்க தையில சுருக்கிக் கட்னேன். மறந்தே பூட்டேன்."

"அறிவு இருக்குதா உனக்கு?"

"இருந்தா உங்களக் கட்டிக்கினு இருப்பேனா?"

அப்பா சிரித்துவிட்டார். மாடு கத்துவதாகச் சொல்லி இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, பெரியம்மா உரல்மேல் ஏறினாள். உரல் ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன். மடியிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துக் கொக்கிக்கு மேலே இணைத்துக் கட்டினாள். குடுவை இறங்கி நின்றது.

திரும்பி வந்த பெரியப்பா இரு பாதமும் மண்ணில் பதியக் குடுவையை எடுத்தார். "பாத்தியாடா? கயிறு ஒழுங்கா இருந்தா கை எட்டும்."

"எட்டும்ணா," என்றார் அப்பா.

முதல் பிடி அவர் கையிலிருந்தே பறந்தது. வளைந்த முதுகிலிருந்து எழுந்த அந்த வீச்சில் மட்டும் வயதே இல்லை. அவர் நடந்த திசையெல்லாம் பெரியம்மாவின் முகம் திரும்பிக்கொண்டிருந்தது. தன் தப்புக்கு என்னைத் திட்டு வாங்க வைத்தாளே என்று இரண்டு நாள் நான் அவள் கையால் களி வாங்கித் தின்னவில்லை.

இப்போது என் தோளும் பாதியில் நிற்கிறது. போளூரில் என் சமையலறையின் மேல்தட்டில் இருந்த புளி டப்பா ஒரு தட்டு கீழே வந்திருக்கிறது. யார் இறக்கியது என்று நான் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

சுருக்கிக் கட்டியதை அவிழ்த்துவிட்டால் போதுமே, துண்டுக் கயிறு எதற்கு என்று, உரலைப் பிடித்திருந்த எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.