அக்காவின் இடது கண்ணும் ஐஸ் கட்டியும்

ஐஸ் தட்டை சிங்கில் தட்டுற சத்தம்... வெள்ளவத்தை ஃப்ளாட்டில் பின்னேரம் என்றால் எனக்கு இன்னும் அதுதான். அக்கா வேலையால் வந்து, ஐஸ் கட்டியை லேஞ்சித் துணியில் சுற்றி இடது கண்ணில் வைத்துக்கொண்டு குசினியில் நிற்பா. தண்ணி வழிந்து சாரித் தோளெல்லாம் ஈரமாகிவிடும்.

காலையில் அவவுக்கு ரெண்டு கண்ணும் பளிச்சென்று இருக்கும். கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட் வேலை. பின்னேரம் பஸ்ஸால் இறங்கும்போது இடது இமை பாதிக்கு இறங்கிவிடும். கதைக்கிற குரலும் கொஞ்சம் மூக்கால் வரும். ஐஸ் வைத்தால் இமை ஏறும்... கொஞ்ச நேரத்துக்கு. இந்த வைத்தியம் அவவே கண்டுபிடித்தது.

சண்டைக் காலம். காலி வீதியில் செக்பொயின்ட். ஐடென்டிட்டி கார்ட்டில் இருப்பது காலை முகம், அதை நீட்டுவது பின்னேர முகம். ஒரு ஆமிக்காரன் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நிதிமதத நங்கி?" என்றானாம். நித்திரை வருதா தங்கச்சி என்று. அவன் நல்லவன். இன்னொருத்தன் மழைக்குள் ஓரமாக நிற்க வைத்துவிட்டான். அதற்குப் பிறகு கார்ட்டை நீட்ட முதல் அக்கா கண்ணைக் கசக்குவது போல இமையைத் தூக்கிவிடப் பழகினா.

கண் டொக்டர் கண்ணாடி எழுதித் தந்தார். அம்மா "எல்லாம் யோசினைதான்" என்றா. அந்த நாளில் கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டில் யோசினை இல்லை? நாங்களும் நம்பிவிட்டோம்.

பிறகு ரகுவின் சம்பந்தம் வந்தது. கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம். ஒரு கல்யாண வீட்டில் ரெண்டு பேரும் கண்டு கதைத்திருக்கிறார்கள். சாதகம் நல்ல பொருத்தம். அவர் ஃபோன் எடுப்பார்... ஃபோனை வைத்த பிறகும் அக்கா அதற்குப் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நிற்பா. அவவுக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

"அம்மா, காலமை வரச் சொல்லுங்கோவன்."

"கடை மத்தியானம்தானே பூட்டுவினம். நாலரையிலயிருந்து ஆறு மட்டும் ராகுகாலம். அது கழிய வரட்டும். உனக்கென்ன அவசரம்?"

ஞாயிறு பகல் முழுக்க அக்கா நித்திரை கொண்டா. அவர்கள் படியேறும் சத்தம் கேட்ட பிறகும் குசினியில் ஐஸோடுதான் நின்றா. தேத்தண்ணித் தட்டோடு வெளியே போனபோது ரெண்டு கண்ணும் பளிச். ரகுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதோடு விட்டிருக்கலாம். ரகுவின் தாய் "இருங்கோ பிள்ளை, கொஞ்சம் கதைப்பம்" என்றா.

அக்கா இருந்தா, கதைத்தா... கதைக்கக் கதைக்க எல்லோரும் பார்த்திருக்கவே இமை இறங்கியது. குரல் குழறியது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஏறு, ஏறு" என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

"பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?" என்று தாய் கேட்டா. அம்மா "களைப்பு" என்றா.

சாதகம் பொருந்தவில்லையாம் என்று அடுத்த கிழமை செய்தி வந்தது. பொருந்தின சாதகம்! பெண் தூக்கக் குளிசைக்கு அடிமையாம் என்று கொட்டாஞ்சேனையில் கதை அடிபட்டது பிறகுதான் காதுக்கு எட்டியது. அதற்குப் பிறகு ஃபோன் அடித்தால் அக்கா எடுப்பதில்லை.

நான் கம்பஸுக்குப் போன பிறகு, ஒரு ஃபிசியோலஜி லெக்சர். தசையை அசைக்க நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்று ஒரு பொருள் வரும். தசையில் அதை ஏற்க ரிசெப்டர் இருக்கும். சிலருக்கு உடம்பே அந்த ரிசெப்டர்களை அழித்துவிடும். தசை வேலை செய்யச் செய்ய சோர்ந்து போகும், ஆறினால் மீளும். "குளிர் பட்டால் அந்தப் பொருள் கெதியில் அழியாது. அதனால் ஐஸ் வைத்தால் இமை கொஞ்ச நேரம் ஏறும்" என்றார் சேர்.

எங்கள் குசினி அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது.

அக்காவை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டரும் முதலில் ஐஸ்தான் வைத்துப் பார்த்தார். பிறகு குளிசை. முதல் நாள் பின்னேரம் அதைப் போட்டு அரை மணித்தியாலத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில், அக்கா ரெண்டு கண்ணையும் முழுசாகத் திறந்துகொண்டு இருந்தா. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ராகுகாலத்தைப் பார்த்தனே... நீ காலமை எண்டு கேட்டனியே பிள்ளை" என்று தலையில் கை வைத்துக்கொண்டா. ரகுவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது.

இப்போது நான் மெல்பேர்னில் இதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். ஐஸ் பற்றிச் சொல்லும் இடம் வரும்போது ஒவ்வொரு வருஷமும் போர்ட் பக்கம் திரும்பி நின்றுதான் அதைச் சொல்லுவேன். அக்கா அதே ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறா. வருத்தம் குளிசையால் கட்டுப்பாட்டில். செக்பொயின்ட்டும் இல்லை. இமை கடைசியாக இறங்கி எத்தனையோ வருஷம்.

வீடியோ கோல் மட்டும் காலையில்தான் எடுப்பா. போன கிழமை நான் அவவின் பின்னேரத்தில் எடுத்துவிட்டேன். குரல் மட்டும் வந்தது. தெளிவான குரல்.

"கமராவைப் போடக்கா, முகத்தைப் பார்ப்பம்."

"இப்ப வேண்டாமடி... காலமை எடுக்கிறன்."