ஜெபத்தின் பின்பாதி

எங்கள் தெருவில் என்னைப் பெரிய பக்திக்காரி என்று நினைத்திருந்தார்கள். அக்டோபர் மாதம் முழுக்க மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. சாயங்காலம் அங்கே கூடி ஜெபமாலை சொல்லி, சுண்டல் தின்றுவிட்டுக் கலைவோம். மறுநாள் அந்த வீட்டார் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். ஒருவர் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். ஒன்பது வருஷமாக முன்னால் சொன்னது நான்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் என்பதால் குரலுக்குப் பஞ்சமில்லை.

விஷயம் பக்தி இல்லை. ஜெபமாலையில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். கடவுளைப் புகழ்கிற முன்பாதி, முன்னால் சொல்பவருக்கு. சோறு கேட்பதும், நமக்குக் கெடுதல் செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதும் பின்பாதியில் வரும். அது மற்றவர்கள் பாடு. முன்னால் சொல்பவள் அந்த வரியைத் தொடவே வேண்டாம். கோயிலில் பூசையின்போது மட்டும் எல்லாரும் சேர்ந்து முழுசாகச் சொல்வார்கள். அந்த இடம் வரும்போது நான் இருமுவேன். பூசை வைக்கிற சாமியார் ஒருவர் எனக்குத் துளசி கஷாயம் குடிக்கச் சொன்னார்.

மன்னிக்க வேண்டியவன் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. நடுவில் இருக்கும் இரண்டும் இந்து வீடுகள். என் தம்பியும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து திரிந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் நோபாலா இல்லையா என்று பேச்சு முற்றியது. இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். அவன் ஸ்டம்ப்பைப் பிடுங்கித் தம்பியின் தலையில் ஒரே அடி. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே தம்பி போய்விட்டான். இருபத்தாறு வயது. அடித்தவனை ஜெயிலில் போட்டார்கள், நன்னடத்தை என்று சீக்கிரமே விட்டுவிட்டார்கள். உள்ளே கிரிக்கெட் இல்லையோ என்னவோ.

அந்த வீட்டுக்கு மாதா போவதில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் தெரு இந்த ஒரு விஷயத்தில் தானாகவே மூடிக்கொண்டது. மாதா எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, அந்த வாசலைத் தாண்டி அடுத்த சந்துக்குப் போய்விடுவாள்.

போன வருஷம் தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களுக்கெல்லாம் ஒரு புதுத் தலைவர் வந்தார். முத்தியால்பேட்டையிலிருந்து குடிவந்தவர், ஓய்வுபெற்ற சர்வேயர். கதவு எண் வரிசைப்படி பட்டியல் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினார். எந்த வீட்டில் மாதா தங்குகிறாளோ அந்த வீட்டார்தான் முன்னால் சொல்ல வேண்டும் என்று கூடவே ஒரு சட்டம். பட்டியலில் எங்கள் வீட்டுக்கு அடுத்தது அந்த வீடு. அதற்குக் கீழே எல்லாரும் கைகூப்பும் படத்தைப் போட்டார்களே தவிர, ஒருவரும் அவரிடம் சமாசாரத்தைச் சொல்லவில்லை. கடைசியில் யாரோ சொன்னபோது அந்த நாள் வந்துவிட்டது. அவருக்குக் காய்ச்சலும் வந்துவிட்டது.

அன்றைக்கு மழை வேறு. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு விருந்தாளி, ஒருத்தி போனையே எடுக்கவில்லை. "நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார் என் கணவர். பயந்துவிட்டாள் என்று தெரு பேசும். அது எனக்குப் பொறுக்காது. சொரூபத்தின் மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, குடை பிடித்து, நானே தனியாகப் போனேன். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவதாக எண்ணம்.

அவன்தான் கதவைத் திறந்தான். காதோரம் நரைத்திருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன். கூடத்தில் வாடகை நாற்காலிகள் இருபது போட்டிருந்தான். ஒரு அண்டா நிறையச் சுண்டல். ஓரத்தில் கட்டிலில் அவன் அம்மா. பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. என்னைப் பார்த்ததும் அசைகிற ஒரு கையை மாதா பக்கம் நீட்டினார். எனக்கும் தம்பிக்கும் எத்தனையோ நாள் சோறு போட்ட கை. இருபது நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்தேன்.

அவன் மெதுவான குரலில் முன்பாதியைச் சொல்லி முடித்தான். பதில் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சோறு வரைக்கும் சொன்னேன். அங்கே நின்றேன். இருமினேன். இருமல் முடிந்த பிறகும் அந்த வரி அங்கேயே இருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அத வுட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாங்க்கா. நீங்க சொல்ல வேணாம்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. தம்பியைக் கொன்றவன் எனக்குச் சலுகை கொடுக்கிறான். "நீ யாருடா எனக்கு லீவு குடுக்க?" என்றேன். மைதானத்தில் வரிசை கலைந்தால் எப்படிக் கத்துவேனோ அப்படி, அந்த வரியை ஒவ்வொரு சொல்லாக முழுசும் சொன்னேன். அன்பு எள்ளளவும் இல்லை. ஆனால் ஜெபமாலையில் அது ஆறு தடவை வரும். இரண்டாவது தடவையும் அதட்டலாகத்தான் வந்தது. மூன்றாவதில் தொண்டை வலித்தது. நாலாவதில் எல்லாரையும் போல வெறுமனே சொன்னேன். அருள் என்றால் ஏதோ வெளிச்சம் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அலுப்புதான் வந்தது, கோபத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தெம்பில்லாத அலுப்பு. நிம்மதியாகவும் இருந்தது. ஆறாவது தடவை வரும்போது அவன் அம்மா தூங்கிவிட்டிருந்தார்.

முடிந்ததும் அவன் கிண்ணத்தில் சுண்டல் கொண்டுவந்தான். வாங்கிக்கொண்டேன். தூங்குகிற அம்மாவைப் பார்த்தபடி, "என் தம்பியும் இப்படித்தான், ஜெபமால முடியறதுக்குள்ள செவுத்துல சாஞ்சு தூங்கிடுவான்" என்றேன். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

"பாதி கூட முடிஞ்சிருக்காதுக்கா" என்றான். "சுண்டல் வாசன வந்தா எழுந்துக்குவான். எனக்கு வெச்ச தேங்கா பல்லையெல்லாம் பொறுக்கித் தின்னுட்டு மறுபடி தூங்கற மாதிரி நடிப்பான்."

தேங்காய் சங்கதி எனக்குத் தெரியாது. தம்பி போன பிறகு இந்த ஒன்பது வருஷத்தில் அவனைப் பற்றிப் புதுசாக ஒன்றும் என் காதில் விழுந்ததில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் கணவருக்கு அவன் வெறும் மச்சான். நான் இத்தனை வருஷமும் கொன்றவனையே நினைத்துக்கொண்டிருந்ததில், செத்துப்போனவனை நினைக்க எனக்கு இடமே இருந்திருக்கவில்லை. தம்பியை நன்றாகத் தெரிந்த ஆள் என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தவன் இன்னொரு கிண்ணத்தோடு எதிரே நின்றிருந்தான், உட்காரலாமா என்று தெரியாமல். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

"உக்காரு" என்றேன். "இன்னும் சொல்லு."