பத்தடி பேனரில் தாய்மாமன்

பேனர் தொழிலில் பேனர் பத்தடிதான். சொந்தபந்தத்துக்குத்தான் அளவே கிடையாது. வீட்டு விசேஷத்தில் யார் பெயரையாவது விட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை என் வீட்டுக்காரருடையது. சமையலை முடித்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது நான்.

நாற்பது பேர்

தளவானூர் செல்வி புதுமனை புகுவிழாவுக்கு நாற்பது பெயர் கொண்டுவந்தாள். 'அண்ணாமலை' என்று ஒருவரை எழுதினாலே பாதி வரிசை போய்விடும். பொறுமை எனக்கு ஏது? பிரஷ்ஷை எடுத்து, சுழிகளை நசுக்கி, உயரத்தைக் கூட்டி, தடிதடியாக நானே எழுத்து வரைந்தேன். கான்வென்ட்டில் நாலு கோடு நோட்டுக்காக வாங்கிய அடி வீண்போகவில்லை. கம்ப்யூட்டர் படித்த நாத்தனார் அதை ஃபான்ட்டாக மாற்றிக் கொடுத்தாள். நாற்பது பேரும் அடங்கினார்கள். செல்வி பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாக்கா இது, அத்தினி பேரும் அவலூர்பேட்டை பஸ்ஸுல நெருக்கி நிக்கிற மாதிரியே இருக்குது!"

சத்தம்

நாற்பது பேரையும் அடக்கிய தெம்பில் கடைப் பலகை, டியூஷன் நோட்டீஸ், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே எழுத்து. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் போட்டேன். இறந்துபோன அம்மாவின் மகன், வல்லத்துக்காரர், அதைச் சுருட்ட விடாமல் திரும்ப விரித்துப் பார்த்தார். "என்ன, தப்பா?" என்று அதட்டினேன்.

"தப்பு இல்லீங்க. எங்கம்மா சத்தம் போட்டே பேசாது. இது கத்துது."

மடி

அதை மெல்லிசாக மாற்றிக் கொடுத்து முடிப்பதற்குள் செல்வி முகம் வாடி வந்து நின்றாள். மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? அண்ணன் ஏழுமலையோ வரமாட்டேன் என்கிறாராம். புதுமனைப் பேனரில் கடைசி வரிசையில் இடம் போதாமல் ஒரு பெயரை மட்டும் இன்னும் நசுக்கியிருந்தேன். அது அவருடையது. 'ஒரே தங்கை வீட்டு வாசலில் நான் கடைசி ஆளா?' என்று அவர் செல்வியிடம் பேசி எட்டு மாதமாகிறதாம். 'ஒரு எழுத்துக்கா இவ்வளவு?' என்று சீறப் போனவள், நசுக்கியது நான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

காதுகுத்துப் பேனரில் மற்ற எல்லார் பெயரையும் தூக்கினேன். 'தாய்மாமன் ஏழுமலை வருக!' அவ்வளவுதான், பத்தடிக்கும். அவர் தினமும் பஸ் இறங்கும் இடத்தில் கட்டச் சொன்னேன்.

மறுநாளே ஏழுமலை கடை வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"எம் பேரு இம்மாம் பெருசு எதுக்கு மேடம்? கூப்டறது யாருன்னே அதுல இல்லியே. எம் பேர நசுக்குங்க, பக்கத்துல செல்வி பேரப் போடுங்க. பாப்பாவ நான் மடில வச்சிக்கிறதுக்குள்ள மாத்திக் கட்டிருங்க!"

எழுத்தை வரைந்தது நான்தான் என்றாலும், யாரை யார் பக்கத்தில் எவ்வளவு நெருக்கி நிறுத்த வேண்டும் என்பது மட்டும் இந்த ஊரில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.