அளவு ஜாக்கெட் வாங்காத கடை

ஜாக்கெட் நல்லா அமைஞ்சா உடம்பு வாகுன்னு சொல்லுவாங்க, அமையலன்னா தையல்காரி மோசம்னு சொல்லுவாங்க. இந்தத் தொழில்ல இருக்குற உங்களுக்கு இது புதுசு இல்ல. இந்தத் தீவுல, கராச்சர்மாங்குற ஊர்ல, செலின் அக்கா தையல் கடையில நாலு வருஷமா தைக்கிறேன். படிச்சது அஞ்சாங்கிளாஸ். எழுத்துல கொக்கி மாறியிருந்தா நீங்களே மாத்திப் போட்டுக்குங்க.

குனிஞ்சு கிடந்தது

பிடிக்கல பிடிக்கலன்னு அழுதும் வீட்டுல அடிச்சு எனக்குக் கல்யாணம் கட்டிவச்சாங்க. புருஷன் ஊரு ரங்கத்துல மூணு வருஷம் இருந்தேன். பிறகு ஒரு காலையில ரெண்டு வயசு மகளத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி வந்து இந்தக் கடை வாசல்ல நின்னேன். "கொக்கி வைக்க வருமா மக்ளே?"ன்னுதான் செலின் அக்கா கேட்டாங்க. புருஷன் எங்கன்னு கேக்கல.

ஆம்பளக் குரல் கேட்டாலே, தேடி வந்துட்டாங்கன்னு மெஷினுக்குப் பின்னாடி குனிஞ்சுக்குவேன். பல நாள் பாத்தாங்க அக்கா. ஒருநாள் தலையத் திருப்பாமலே சொன்னாங்க: "குனிஞ்சதுதான் குனிஞ்ச, கீழ கிடக்குற ஊசியெல்லாம் பொறுக்கிக்கிட்டு எந்திரி."

நெசமாவே வந்த நாள்

என் புருஷனோட அண்ணன் வந்து வாசல்ல நின்னு சத்தம் போட்டார். நான் மெஷினுக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டேன். அக்கா கத்தரியக் கீழ வைக்காமலே வாசலுக்குப் போனாங்க. "அவளா வந்தா. போறதும் அவளாத்தான் போவா. ஏதும் தைக்கணும்னா உள்ள வாங்க, இல்லன்னா வெளிச்சத்த மறைக்காதீங்க."

கடைச் சட்டம்

கல்யாண ஜாக்கெட்டுக்கு மட்டும் அக்கா அளவு ஜாக்கெட் வாங்க மாட்டாங்க. பொண்ணு நேர்ல வரணும். திரைக்குப் பின்னாடி தனியா நிக்கணும். கழுத்து, கை எப்படின்னு அவளே சொல்லணும். அம்மாமார் வெளியதான். எத்தனையோ பேர் கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போயிருக்காங்க.

என் கல்யாணத்துக்கு அம்மா என் பழைய ஜாக்கெட்டக் குடுத்துத்தான் தைச்சாங்க. கச்சிதமா இருந்தது. வட்டக் கழுத்தா சதுரமான்னுகூட என்கிட்ட யாரும் கேக்கல. இத அக்காகிட்ட சொன்னதுக்கு, நூலக் கடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "அளவு ஜாக்கெட் வாய் திறக்காதுல்லா. அதான் நான் வாங்குறதில்ல."

நான் செஞ்ச தப்பு

அக்கா பாம்பூஃப்ளாட் ஊர்ல இருக்குற தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரம் ஒரு அம்மா வந்தாங்க. கையில பட்டுத் துணி, கூடவே பழைய ஜாக்கெட். மகளுக்கு மெயின்லேண்ட்ல கல்யாணமாம், வெள்ளிக்கிழமை கப்பலாம். முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. வாங்கிட்டேன்.

அக்கா திட்டல. துணிய என் மடியில வச்சாங்க. "வாங்கின கைதான் திருப்பிக் குடுக்கணும். போயிட்டு வா."

வெட்கப்படுற பொண்ணு

அவங்க வீட்டு கேட்ல ரொம்ப நேரம் நின்னு, அப்புறம் துணியத் திருப்பிக் குடுத்து, பொண்ணு நேர்ல வரணும்னு சொன்னேன். "எம் பொண்ணு வெட்கப்படுவா, வெளிய வரமாட்டா"ன்னாங்க அந்த அம்மா. "நானும் அப்படித்தாம்மா. நாங்க பேசிக்குவோம்"ன்னேன். மறுநாள் கூட்டிட்டு வந்தாங்க.

திரைக்குள்ள அளவெடுக்கக் கையத் தூக்கச் சொன்னேன். தூக்கல. நெஞ்சோட கட்டிக்கிட்டு நின்னா. கழுத்து எப்படி வேணும்னு கேட்டதுக்கு முகத்தத் திருப்பிக்கிட்டா. டேப்பச் சுருட்டி வச்சுட்டு என் கதையச் சொன்னேன். கேட்டுட்டு, "பக்கத்துல நிப்பீங்களா அக்கா?"ன்னு மட்டும் கேட்டா. திரைய அவளே விலக்கினா. "அம்மா, இந்தக் கல்யாணம் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். இன்னைக்கும் அதேதான்."

அந்த அம்மா எங்க மூணு பேரையும் வாய்க்கு வந்தபடி பேசினாங்க. நான் குனியல. அக்கா அவங்களுக்கு ஸ்டூல் போட்டு டீ குடுத்தாங்க. "நீங்க கத்துங்கம்மா, கேக்குறோம். ஆனா அவ சொன்னதையும் நீங்க கேட்டுட்டீங்க."

வீட்டுல ரெண்டு நாள் சண்டை. வெள்ளிக்கிழமை கப்பல் அவங்க இல்லாமலே போச்சு.

அவளா வந்தது

கொஞ்ச மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு தனியா வந்தா. ஏதோ ஒரு கடையில வேலைக்குப் போறாளாம், சுடிதார் தைக்கணுமாம். டேப்ப எடுக்குறதுக்குள்ள ரெண்டு கையையும் தூக்கிட்டா. "வலது பக்கம் பாக்கெட் வைங்க அக்கா. ஆழமா வைங்க, போன் விழக்கூடாது."

இத்தன வருஷத்துல நான் ஒழுங்கா முடிச்ச கல்யாண ஜாக்கெட் எதுன்னு கேட்டா, கத்தரியே படாம திருப்பிக் குடுத்த அந்தப் பட்டுத் துணியத்தான் காட்டுவேன்.