லைசன் இல்லாத ஆறு மாதம்

அண்ணனுடைய லைசனை அட்டன் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்ட அன்று நானும் கூடப் போயிருந்தேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம். வீட்டில் உட்கார்ந்தால் கால் பரபரத்தது. கோர்ட் எப்படி இருக்கும் என்று பார்க்க ஓர் ஆசை, அவ்வளவுதான்.

அண்ணன் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி டிரைவர். தேயிலை ஸ்டோரிலிருந்து பெட்டிகளைத் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு இறக்கிக்கொண்டு போவார். வரும்போது அரிசியும் உரமும் ஏற்றி வருவார். ஸ்டோருக்குக் கீழே டிரைவருக்கென்று விட்டிருந்த இரண்டு அறை வீட்டில் அண்ணன், அண்ணி, நான். ஒருநாள் மூடுபனியில் பெட்டிகளோடு இறங்கியபோது, ரோடு வளைகிற ஒரு முடக்கில், கீழேயிருந்து ஏறிவந்த பஸ்ஸோடு லொறி உரசிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டிருந்த பயணி ஒருவருக்கு முழங்கை முறிந்தது. பொலிஸ் வந்தது. பஸ் டிரைவர் கீழே குதித்துச் சத்தம் போட்டார், ரோட்டை அளந்து பார்க்கச் சொன்னார், தன் பக்கத்துக்கு நாலு பயணிகளைக் கூப்பிட்டார். அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சமாவென்ன மாத்தியா" என்று சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். வழக்கு அண்ணன்மேல் வந்தது.

கோர்ட்டிலும் அதே கதைதான். கவனமில்லாமல் வண்டி ஓட்டியதாகக் குற்றச்சாட்டை இங்கிலீஷில் வாசித்தார்கள். மொழிபெயர்க்கும் முதலியார் கூண்டுப் பக்கம் திரும்பி, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்றார். நீங்கள் செய்தீர்களா இல்லையா என்பதுதான் அதற்கு அர்த்தம். அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார்.

"தெரியாம நடந்துபோச்சுங்க. இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்ருங்க சாமி."

முதலியார் அதை ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையாக்கி நீதவானிடம் கொடுத்தார். குற்றவாளி. பின் பெஞ்சில் இருந்த எனக்கு அது புரிந்தது; எழுந்திருக்கவும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பொலிஸ்காரர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். அபராதம், ஆறு மாதத்துக்கு லைசன் நிறுத்தம். படிக்கட்டில் இறங்கும்போது அண்ணன் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தார். "நல்ல மனுசன் தங்கச்சி, ஜெயிலுக்கு அனுப்பல பாரு" என்றார்.

தோட்டத்தில் எல்லாரும் "லைசன வெட்டிட்டாங்க" என்றார்கள். நிறுத்துவது வேறு, ரத்துச் செய்வது வேறு என்பது யாருக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. மூன்றாவது வாரம், லைசன் கொடுக்கிற கொழும்பு மோட்டார் இலாகாவிலிருந்து நீளமான உறையில் ஒரு கடிதம் வந்த பிறகுதான் அந்த வித்தியாசம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. கோர்ட் தீர்ப்பைப் பார்த்தார்களாம். உமது அனுமதிப்பத்திரத்தை முழுவதுமாக ஏன் ரத்துச் செய்யக்கூடாது என்பதற்குக் குறித்த நாளுக்குள் காரணம் காட்டவும் என்று எழுதியிருந்தது.

நிறுத்தம் என்றால் தவணை முடிந்ததும் அதே லைசன் திரும்பி வரும். தோட்டத்தை நடத்துகிற துரையும் அப்படித்தான் சொல்லியிருந்தார்: லைசன் வந்தால் லொறி, அதுவரை ஸ்டோரில் பெட்டிக்கு ஆணி அடி. ரத்து என்றால் பழைய லைசன் போனது போனதுதான். மறுபடி விண்ணப்பம், எந்த ஊர், யார் மகன், எங்கே பிறந்தாய் என்று முதலிலிருந்து. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்று பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த அந்த வருஷங்களில், அந்தக் கேள்விகளுக்கு நாங்கள் யாரும் தேடிப்போய்ப் பதில் சொல்வதில்லை. அண்ணனின் பெயரும் படமும் அரசாங்க முத்திரையும் ஒன்றாக இருந்த ஒரே கடதாசி அந்த லைசன்தான்.

நான் உடனே பேனாவை எடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்றார்.

"ஏன்னு கேக்குறாங்கன்னா கோவமா இருக்காங்கன்னு அர்த்தம். கோவத்துல இருக்கவங்ககிட்ட வாயக் குடுக்கக் கூடாது. பேசாம இருந்தா ஆறிப் போவும்."

இது பயத்தில் வந்த பேச்சல்ல, தொழில் தெரிந்தவர் பேச்சு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை, "ஏன்டி முத்தலா எடுத்த?" என்று கேட்பார். மலை அப்படி, மழை இப்படி என்று காரணம் சொல்கிறவளுக்கு அன்று அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் கூலி. தலையைக் குனிந்து நிற்கிறவள் நாலு ஏச்சு வாங்கிக்கொண்டு முழுப் பேரோடு வீட்டுக்குப் போவாள். துரை "ஏன்" என்றால் அது கேள்வியே அல்ல. பதில் சொன்னால் அதற்கு எதிர்த்துப் பேசுவது என்று பெயர். அண்ணன் பொலிஸ்காரரிடமும் நீதவானிடமும் செய்தது அதைத்தான். தோட்டத்துக்குள் அது பிழையில்லாத முறை. தோட்டத்துக்கு வெளியே அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தலவாக்கலையில் அரிசிக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை நாங்கள் நானா என்போம். அவருக்குச் சொந்த லொறி உண்டு. கோர்ட்டுக்கும் போய் வந்தவர். கடிதத்தைக் காட்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஆறு மாசம் நிப்பாட்டினது கடைய பூட்டி வெச்ச மாதிரி. இது கடையவே இடிக்கப் பாக்குறாங்க. பதில் எழுதாட்டி, இடிங்க எண்டு நீங்களே செல்ற மாதிரித்தான் மகள்."

வழக்குப் பேசுகிற புரொக்டர் ஒருவரின் கிளாக்கரிடமிருந்து மோட்டார் சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கியும் தந்தார். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பின்னேரம் படித்தேன். பாதி விளங்கியது. அந்தப் பாதியிலேயே தலை சூடாகிவிட்டது. தீர்ப்புக்கு எதிராக மேலே போகிற தவணை முடிந்திருந்தது. குற்றவாளி என்பதை இனி மாற்ற முடியாது. ஆனால் கொழும்புக்கு வேறு விஷயங்களைச் சொல்லலாம். இத்தனை வருஷம் ஒரு வழக்கும் இல்லாமல் ஓட்டியது, அன்றைய பனி, ஹோர்ன் அடித்தது, பக்கத்தில் இருந்த கிளீனரின் சாட்சி. நான் இங்கிலீஷில் எழுதிய முதல் கடிதம் "அடியோடு மறுக்கிறேன்" என்று தொடங்கி இரண்டு பக்கம் போனது. நானா அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார்.

"மகள், இது கடுதாசியா, சண்டைக்கி வாங்க எண்டு கூப்பிடுறதா?"

அதைக் கிழித்துவிட்டு அரைப் பக்கத்தில் வேறொன்று எழுதினேன். மறுப்பு இல்லை, நடந்தது மட்டும். நேரில் விளக்கம் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வேண்டும் என்பது கடைசி வரி. அண்ணன் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். இப்போது காரணம் வேறு.

"அன்னைக்கி அத்தன பேரு முன்னால மன்னிப்புக் கேட்டேன். இன்னைக்கி பஸ்காரன் நடு ரோட்டுக்கு வந்தான்னு எழுதுனா, எது பொய்யி? அதுவா, இதுவா?"

"மன்னிப்புக் கேட்டீங்க. தப்பு என்னோடதுன்னு சொன்னீங்களா?"

"ரெண்டும் ஒன்னுதானே."

அண்ணி அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "ஒன்னா? ஒங்க அம்மா இருந்த வரைக்கும் தெனம் மன்னிப்புக் கேட்டேன். நான் என்னா தப்பு செஞ்சேன், சொல்லுங்க பாப்போம்?"

அண்ணன் சிரிக்கவில்லை. அண்ணியின் முதுகைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் இன்னொரு வில்லங்கம். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் அண்ணனைக் கூப்பிட்டு, உனக்குப் பதிலாகப் போட்ட டிரைவருக்குக் காய்ச்சல், கொழுந்து மலையில் கிடக்கிறது, லொறியை எடு என்றார். "தோட்டத்து ரோட்டுல எந்த பொலிஸ் வரப்போவுது?" அண்ணனுக்குக் கை அரித்தது, சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ஆனால் நிறுத்தத்தில் இருக்கும்போது ஓட்டிப் பிடிபட்டால் ரத்துக்கு நாமே கையில் காரணம் கொடுத்த மாதிரி என்று நான் காலையும் மாலையும் ஓதிக்கொண்டிருந்தேன். "வயித்து வலிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஆணி அடிக்கப் போய்விட்டார். அன்று கொழுந்து மாட்டு வண்டியில் வந்தது.

விசாரணை நுவரெலியாவில், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில். கொழும்பிலிருந்து வந்த சிங்கள அதிகாரி ஒருவர், ஒல்லியானவர், சளி பிடித்திருந்தது. அண்ணனை உட்காரச் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை. லைசனை ஏன் ரத்துச் செய்யக்கூடாது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். அண்ணனுக்குச் சிங்களம் ரோட்டில் பழகியது, நன்றாகவே வரும். ஆனால் தலை குனிந்துவிட்டது. கை தொப்பிக்குப் போனது. நான் வாயைத் திறந்தேன். அதிகாரி என்னிடம் இங்கிலீஷில், "நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டேன், மிஸ். ஓட்டியது அவர்தானே?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அதிகாரி அண்ணனிடம் மறுபடியும் ஏன் என்றார். தொப்பி கழன்று கக்கத்துக்குப் போனது. மூன்றாவது தடவை கேட்டபோது குரலில் எரிச்சல் இருந்தது. அண்ணனின் தலை இன்னும் இறங்கியது. கோப்பை மூடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மூக்கைத் துடைத்துவிட்டு, மேசையில் கிடந்த அடிமட்டத்தை, சரிவு ரோடு மாதிரி, ஒரு கடதாசிக்கட்டின்மேல் சாய்த்தார். மைக்கூட்டை அதன் ஓரத்தில் வைத்தார்.

"இது பஸ். உன் லொறி எங்கே?" என்று ஒரு நெருப்புப் பெட்டியை நீட்டினார்.

அண்ணன் நெருப்புப் பெட்டியை வாங்கினார். மைக்கூட்டைப் பார்த்தார். அப்புறம்தான் நான் அவர் வாயில் அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்.

"அப்படி இல்லைங்க மாத்தியா."

மைக்கூட்டை அவரே எடுத்து வெளிப்பக்கம் தள்ளினார். அந்த இடத்தில் உள்பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற கான் உடைந்து கிடக்கிறது, ஏறிவருகிற பஸ்ஸெல்லாம் சக்கரம் விழாமலிருக்க நடு ரோட்டுக்கு வந்துதான் திரும்பும் என்றார். தன் லொறி வெளி ஓரமாக ஒதுங்கித்தான் இருந்தது என்று பெட்டியை வைத்தார். ஹோர்ன் அடித்தேன், பஸ் ஏறுகிற சத்தத்தில் பஸ்காரருக்குக் கேட்டிருக்காது என்றார். இவ்வளவும் சரளமாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணன் நெருப்புப் பெட்டியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார்.

"இங்கன ஒரு மதகு இருக்குங்க. எறங்குற வண்டி அங்க நின்னு வழி விடணும். பஸ் சத்தம் கேட்டுச்சு. நின்னுருக்கலாம். ரயில் நேரம்னு நிக்கல."

என் கடிதத்தில் மதகு கிடையாது. அதிகாரி அதைத்தான் நிதானமாக எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "அத ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாரே."

"அவரு அதக் கேக்கல."

"லொறி எங்கன்னு கேட்டாரு. லொறி அங்கனதான் நின்னுருக்கணும்."

முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. ரத்து இல்லை. கோர்ட் போட்ட நிறுத்தம் அப்படியே; தவணை முடிந்ததும் ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டு லைசனைப் பெற்றுக்கொள்ளலாம். நான் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். அண்ணன் ஆணியை வாயில் வைத்துக்கொண்டே தலையாட்டினார்.

ஓட்டிக் காட்டினார், லைசனும் வந்தது. லொறி வரவில்லை. வண்டி தோட்டத்துடையது என்பதால் முடிவின் பிரதி ஒன்று ஆபீசுக்கும் போயிருந்தது. துரை அண்ணனை ஆபீஸ் ஜன்னலுக்குக் கூப்பிட்டு, என்னைக் கேட்காமல் நீ ஏன் கொழும்புக்கு எழுதினாய் என்றார். அண்ணன் தலையைக் குனிந்து, வாயே திறக்காமல் நின்றார். துரை கத்தித் தீர்த்தார், பிறகு ஆறிப்போனார். சரி, பெட்டி வேலையில் இரு, வீட்டிலேயே இருந்துகொள், லொறியைப் பிறகு பார்ப்போம் என்றார்.

"மன்னிச்சிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"எதுக்கு?" என்றார் அண்ணி.

அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. லைசனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நானாவிடம் லொறி வேலை கேட்கத் தலவாக்கலைக்கு பஸ் ஏறினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

நானா லைசனை வாங்கி, பின்பக்கத்தில் கோர்ட் எழுதியிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு மாசம் தூங்கி எழும்பி இரிக்கி. கை மறக்கல்லையே?"

"மறக்கலங்க நானா."

"கினிகத்தேனை எறக்கத்துல முடக்கு நெறய. மதகு வந்தா?"

"நிப்பேங்க."

"நில்லுங்க. அரிசியெல்லாம் என்ட அரிசி" என்று சாவியை மேசையில் வைத்தார்.

தோட்டத்து வீட்டைத் திங்கட்கிழமை காலி செய்தோம். சாமான் கொஞ்சம்தான், நானாவின் லொறியில் ஒரே தடவையில் ஏறிவிட்டது. அண்ணி முன்னால் ஏறி உட்கார்ந்து கதவை இரண்டு தடவை இழுத்துச் சாத்திப் பார்த்தார். அண்ணன் எஞ்சினைக் கிளப்பினார். ஆறு மாதமாக ஆணி அடித்த கை. முதல் கியர் கரகரவென்றது.