நாலாவது கேள்விக்கு அக்கா தலையாட்டவில்லை

எங்கள் அக்காவைச் சந்தேகக்காரி என்று உறவில் பலர் சொன்னது எனக்குத் தெரியும். அக்காவின் காரியத்துக்கு வந்த உங்களில் சிலர்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தீர்கள். பொய்யில்லை. யாராவது இனிக்க இனிக்கப் பேசினால், இந்த ஆளுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்றுதான் அக்கா முதலில் பார்ப்பார். அந்தக் குணம்தான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது.

அக்கா ஜாசினுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. பால்மரம் வெட்டி, பால் எடுத்தே பிள்ளைகளை ஆளாக்கினார்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அக்காவின் கணவர், எங்கள் மாமா, காட்டோர முனியாண்டிக்கு ஆண்டுதோறும் படையல் வைப்பவர். தடை மனிதர்களுக்குத்தானே, சாமிக்கு என்ன என்று நினைத்து, சோறும் கோழிக்கறியும் சுருட்டும் எடுத்துக்கொண்டு போனார். வேலி வாசலிலேயே போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாரமே ஒலிபெருக்கி வைத்த லோரியில் அரசாங்கத்தின் சார்பில் ஒருவர் பேச வந்தார். நல்ல தமிழ். எல்லாரையும் திடலில் உட்கார வைத்தார்கள். கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி பின்னால் நின்று யார் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தார். நானும் தோட்டத்துப் பிள்ளைதான் என்று பேச்சாளர் ஆரம்பித்தார்.

"கையைப் பாரு, பால் கறை ஒண்ணைக்கூட காணோம்லா" என்றார் அக்கா என் காதில்.

பிறகு கேள்விகள். பிள்ளைகள் பயமில்லாமல் தூங்க வேண்டாமா? வேண்டும் என்றோம். வயிறாரச் சாப்பிட வேண்டாமா? வேண்டும். இந்த வேலி ஒருநாள் போக வேண்டாமா? வேண்டும் என்று கத்தினோம். ஒவ்வொரு கேள்விக்கும் குரலை ஏற்றிக்கொண்டே போனவர், நாலாவதையும் அதே மூச்சில் கேட்டார்.

"அப்படியென்றால், காட்டுக்குச் சோறு கொண்டுபோனவனைப் பிடித்தது சரிதானே?"

முன்னால் கத்திய வேகத்தில் சிலர் வாயிலிருந்து 'சரி' வந்தேவிட்டது. தோட்டமே ஒப்புக்கொண்டது என்று அவர் மேலே போய்ச் சொன்னால் மாமா திரும்பி வரமாட்டார். அக்கா எழுந்தார்.

"ஐயா, மூணுக்கும் வேணும்னு சொல்லிட்டோம். நாலாவது வேற கேள்வி. அதைத் தனியா கேளுங்க. காட்டுக்குன்னு சொல்லாதீங்க, யாருக்குன்னு கேளுங்க."

பேச்சாளர் சிரித்தார். "நீங்கள் யார் அம்மா?"

"சோத்த ஆக்குனவ."

"சரி, நீங்களே சொல்லுங்கள். யாருக்கு?"

"நான் பொண்டாட்டி. புருசனுக்காகத்தான் பேசுவேன், என்னை நம்பாதீங்க. இங்க உக்காந்திருக்கிறவங்களக் கேளுங்க."

அவர் கேட்கவேண்டியதாயிற்று. எல்லாரும் பின்னால் நின்ற கிராணியைத் திரும்பிப் பார்த்தார்கள். பயம். கடைசியில் பக்கத்து வீட்டு அத்தை எழுந்தார்.

"முனியாண்டிக்குங்க. வருசா வருசம் அந்தக் கறியில எனக்கும் பங்கு வரும். இந்த வருசம் உங்க ஆளுங்க தின்னுட்டாங்க."

திடல் சிரித்தது. அதன் பிறகு ஒவ்வொருவராக, படையல்தான் என்றார்கள். பேச்சாளர் முடிக்க வந்ததை முடிக்காமலே லோரி ஏறினார்.

சில மாதம் கழித்து மாமா வீடு திரும்பினார். அதற்கு அந்தக் கூட்டம்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் விசாரணையில் கிராணியும் படையல் என்றே சொன்னாராம். அக்காவின் பேச்சு நன்றாக இருக்கிறது, மேடைக்கு வாருங்கள் என்று தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். அவரையும் அக்கா நம்பவில்லை. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடைசி மாதங்களில் அக்கா டவுன் பக்கம் பாச்சாங்கில் மகள் வீட்டில் இருந்தார். முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மகளுக்கும் மருமகனுக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளுக்கும் நன்றி. முதலில் எழுந்து சொன்ன அத்தையின் குடும்பத்துக்கு நன்றி சொல்லித் தீராது. அன்று திடலில் 'சரி' என்று சொன்னவர்களின் வீடுகளிலிருந்தும் வந்திருந்தீர்கள். உங்கள் வீட்டாரின் பெயரை அக்கா சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதவில்லை.